கிணற்றடியில் தொடங்கிய மருத்துவம்

வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு நம் கழகத்தின் மலர்க் குழுவினர் கேட்டபோது, நாம் கல்வியைப் பற்றியே எழுதுவோம் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகையோடு வாழ்ந்தவனிடம் வேறு எதை எதிர்பார்ப்பது? ஆயினும் அம்முப்பது ஆண்டுகளில் நாம் மிகுதியாகப் படித்த நூல் எது என்று கேட்டால், வருகைப் பதிவேடு என்றே விடை கூறுவோம். அதில் வராதவர்க்கு இடப்படும் குறிகளைத் தொடர்ந்து படித்து வந்தவர்க்கு ஓர் உண்மை புலப்படாமற் போகாது. நம் பிள்ளைகள் பள்ளிக்கு வராத நாள்களில் பெரும்பாலானவை சோம்பலால் வராதவை அல்ல. வயிற்றுப்போக்கு, காய்ச்சல், சிரங்கு, தாய்க்குப் பேறுகாலம், தண்ணீர்க் குடம், கைப்பிள்ளை ஆகிய இவையே காரணங்கள். பெண் பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரே குறிகள் கூடுதலாக இருக்கும். ஆகவே கல்வியைப் பற்றி எழுத அமர்ந்தால் உடல்நலத்தைப் பற்றி எழுதாமல் தீராது. உடல்நலத்தைப் பற்றி எழுத அமர்ந்தாலோ கிணற்றைப் பற்றி எழுதாமல் தீராது.

வரலாற்று வகுப்பில் பானிப்பட்டுப் போர்கள் எத்தனை என்று கேட்கிறோம். மாணவர் மூன்று என்று சரியாகக் கூறுகின்றனர். ஓர் ஊரில் கிணறுகள் எத்தனை, அவற்றில் நீர் முகந்தவர் யார், முகக்கக் கூடாதவர் யார் என்று எந்த வினாத்தாளிலும் கேட்டதாக நமக்கு நினைவில்லை. ஆயினும் பானிப்பட்டுப் போர்களில் மாண்டவர்களைக் காட்டிலும், அக்கிணறுகள் மறுக்கப்பட்டதால் மாண்ட குழந்தைகள் பன்மடங்கு மிகுதியாகவே இருக்க வேண்டும். அவர்களை எவரும் எண்ணி வைக்கவில்லை.

நாம் பிறந்தது அந்நாளைய தென்னார்க்காடு மாவட்டத்தின் முந்திரிக்காட்டுச் சிற்றூர் ஒன்றில். ஊருக்குள் கல் கட்டடம் கொண்ட நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்று இருந்தது. அது ஊருக்கு உரியது, சேரிக்கு உரியதன்று. நமக்குக் குளம். அதே குளத்தில் மாடுகளும் இறங்கும். கோடையில் குளம் வற்றினால் ஓடையில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் முகந்து குடம் நிரப்ப வேண்டும். ஒரு குடம் நிரம்ப ஒரு நாழிகை ஆகும். 1979ஆம் ஆண்டுக் கோடையில் எம் தங்கைக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. வயது ஒன்றரை. தண்ணீர் கொடுத்தால் போக்கு மிகும் என்று பெரியோர் கூறினர். எம் தாயார் அதை நம்பி, குழந்தை நாவை நீட்டி அழுதபோதும் ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தாரேயன்றி நீர் புகட்டவில்லை. இரண்டாம் நாள் மாலை கண்கள் குழி விழுந்தன. வண்டி கேட்கச் சென்ற இடத்தில், மாடு களைத்திருக்கிறது என்றார்கள். தந்தையார் குழந்தையைத் தோளிற் சாய்த்துக்கொண்டு நடந்தார். நாமும் பின்னால் ஓடினோம். மருத்துவமனை ஒன்பது மைல். பாதி வழியிலேயே திரும்பி வந்தோம்.

எம் தாயார் தம் இறுதி நாள் வரையில், நீர் புகட்டாமல் இருந்த அந்த இரண்டு நாள்களையே பேசிக்கொண்டிருந்தார். அக்குழந்தை இறந்ததற்கு அவர் காரணமல்லர் என்பதை எடுத்துக் கூறும் அளவுக்கு நமக்கு அறிவு வந்தபோது, கேட்டுக்கொள்ளும் நிலையில் அவர் இல்லை.

அக்குழந்தை இறப்பதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னரே அந்நோய்க்கு மருந்து உலகுக்குத் தெரிந்திருந்தது என்பதைப் பின்னாளில்தான் படித்தறிந்தோம். 1971இல் வங்க தேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதிகள் முகாமில் வாந்திபேதி பரவியது. நரம்பில் ஏற்றும் நீர்மம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலனோபிஸ் என்பார் உப்பும் சர்க்கரையும் சோடா உப்பும் அளவாகக் கலந்த நீரை நோயாளிகளின் உறவினர்களையே வாய்வழிப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 அளவில் இருந்த சாவு, 4க்கும் கீழே இறங்கியது. உடலிலிருந்து வெளியேறும் நீரையும் உப்பையும் திரும்பக் கொடுப்பதே மருந்து. சர்க்கரை சேர்ந்தால் குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதே அதன் சூட்சுமம். மருந்துக் கடையே வேண்டா. அஞ்சறைப் பெட்டியும் கொதித்தாறிய நீரும் போதும். ஆயினும் அந்த அறிவு பங்காவிலிருந்து நம் ஓடைக்கரைக்கு வந்து சேர எட்டு ஆண்டுகள் போதவில்லை. வந்து சேரவேண்டிய வழி அடைபட்டிருந்தது. அவ்வழி எங்கெங்கே அடைபட்டிருந்தது, எவரெவர் அதைத் திறந்தனர் என்பதே நாம் இங்கே கூற விழையும் வரலாறு.

முதற்கண் நீர். சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1924ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலைகள், தெருக்கள், பொதுக் கிணறுகள், குளங்கள், பொது அலுவலகங்கள் ஆகியவற்றில் தாழ்த்தப்பட்டோர் செல்வதற்கும் பயன்படுத்துவதற்கும் தடையில்லை என்பதே அதன் சாரம். அது நிறைவேறி, செப்டம்பரில் அரசாணையும் பிறந்தது. பம்பாய் மாகாணத்தில் அதற்கு ஓராண்டு முன்னரே, 1923இல், எஸ். கே. போலே அவர்கள் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியிருந்தது. நீர்நிலைகள், கிணறுகள், பள்ளிகள், நீதிமன்றங்கள் ஆகியவற்றோடு அரசு மருந்தகங்களும் அதில் சேர்க்கப்பட்டிருந்தன என்பதை இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். மருந்தகத்துக்குள் நுழைவதற்கே சட்டமன்றத் தீர்மானம் தேவைப்பட்ட காலம் அது.

தீர்மானம் வேறு, தண்ணீர் வேறு. மகாடு நகராட்சி 1924இல் சவுதார் குளத்தை அனைவர்க்கும் திறந்துவிட்டதாக அறிவித்தது. அறிவிப்புக்குப் பின்னும் நம்மவர் எவரும் அங்கே இறங்க இயலவில்லை. 1927ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர், ஆயிரக்கணக்கானோர் பின்தொடர அக்குளத்துக்குச் சென்று, தம் கையால் நீரை அள்ளிப் பருகினார். அன்றே அவர்தம் கூட்டத்தார் தாக்கப்பட்டனர். பின்னர் சாதி இந்துக்கள் 108 பானைகளில் சாணமும் கோமூத்திரமும் பாலும் தயிரும் ஊற்றி அக்குளத்தைத் 'தூய்மை' செய்தனர். குடிநீரில் சாணத்தைக் கரைப்பது தூய்மை, மனிதன் கை பட்டால் தீட்டு! நலவியல் பாடம் நடத்தும் ஆசிரியர் எவரும் இந்த ஓர் எடுத்துக்காட்டைக் கூறினால் போதும் என்று நாம் எண்ணுவதுண்டு. அதன்பின் வழக்கு நடந்து, உயர்நீதிமன்றத்தில் நம் பக்கம் தீர்ப்புக் கிடைக்க 1937 ஆயிற்று. கையளவு நீருக்குப் பத்தாண்டு வழக்கு.

மகாடு நிகழ்ச்சியை மான உரிமைப் போராட்டம் என்றே பெரும்பாலும் பேசுகிறோம். அது உண்மையே. அத்துடன் அது நலவாழ்வு உரிமைப் போராட்டமும் ஆகும் என்பது நம் துணிபு. அண்ணல் அவர்கள் அடுத்த ஆண்டிலேயே, 1928இல், பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேற்று உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார் என்பது இதற்குச் சான்று. பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நன்மை என்றும், அதற்காகும் செலவில் அரசு பெரும்பகுதியை ஏற்க வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். 1929இல் அது சட்டமாயிற்று. ஆனால் அச்சட்டம் ஆலைப் பெண்களுக்கானது. நாற்றங்காலில் குனிந்திருந்த பெண்ணை அது எட்டவில்லை. எம் பாட்டியார், நடவு வயலில் வலி கண்டு வரப்பில் பெற்றெடுத்த கதையை நகைச்சுவை போலச் சொல்வார். கேட்ட அந்நாளில் நாமும் சிரித்திருக்கிறோம். விவசாயக் கூலிக் குடும்பத்துத் தாய்க்கும் அரசுப் பணம் உண்டு என்னும் நிலை, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டம் வந்த பின்னரே தமிழகத்தில் ஏற்பட்டது. 2006இல் 6,000 ரூபாய், 2011இல் 12,000 ரூபாய், 2018இல் 18,000 ரூபாய் என அது உயர்ந்திருக்கிறது.

இனி மருந்தகத்துக்கு வருவோம். 1943இல் சர் ஜோசப் போர் தலைமையில் ஒரு குழு அமைந்து, நாட்டு மக்களின் உடல்நலத்தை ஆய்ந்து 1946இல் அறிக்கை தந்தது. ஓர் இந்தியனின் சராசரி ஆயுள் 27 ஆண்டுகள். 1937ஆம் ஆண்டுக் கணக்குப்படி, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் 162 ஓராண்டுக்குள் மாண்டன. நாட்டில் நிகழும் சாவுகளில் ஏறத்தாழப் பாதி, பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் சாவு. கிராமந்தோறும் எட்டும்படி ஆரம்ப சுகாதார நிலையங்கள் வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. 1952இல் சமூக வளர்ச்சித் திட்டத்தோடு அவை தோன்றலாயின. நல்ல திட்டந்தான். கட்டடம் எழுந்தது; மருந்து வந்தது; நர்சும் வந்தார். நம் ஊருக்கு வந்த நர்சு, ஊர்த் தெருக்களுக்குள் வீடு வீடாகச் செல்வார். நம் தெருவின் எல்லையில் இருந்த புளியமரத்தடி வரையில் வருவார். அங்கே நின்று, "பிள்ளைகளைக் கூட்டிட்டு வாங்க" என்று குரல் கொடுப்பார். சென்றவர்களுக்கு ஊசி உண்டு. பிள்ளை பெற்றுப் படுத்திருப்பவள் எப்படிச் செல்வாள்? அவர் கெட்டவர் அல்லர். நம் தெருவுக்குள் வந்து சென்றால் ஊர்த் தெருவில் திண்ணை கிடைக்காது என்ற அச்சம் அவருக்கு. அரசாங்கம் போட்ட பாதை அந்தப் புளியமரம் வரையிலேதான் இருந்தது.

அந்தப் புளியமரத்துக்கு அப்பால் செல்வது எப்படி என்னும் வினாவுக்கு விடை கண்ட ஓர் ஊர் உண்டு. மராட்டிய மாநிலத்தில், அந்நாளில் அகமதுநகர் எனவும் இப்போது அகில்யாநகர் எனவும் வழங்கும் மாவட்டத்தில், ஜாம்கேடு என்பது அதன் பெயர். மழை பொய்க்கும் பூமி. 1970ஆம் ஆண்டு ரஜனிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே என்னும் மருத்துவத் தம்பதியர் அங்கே வந்து சேர்ந்தனர். இருவரும் நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்கள். பின்னர் அமெரிக்கா சென்று பொதுநலவியல் கற்றுத் திரும்பியவர்கள். பெருநகரில் பொருளீட்டியிருக்கலாம். அவர்கள் கைவிடப்பட்ட ஒரு கால்நடை மருந்தகக் கட்டடத்தில் பணியைத் தொடங்கினர்.

தொடக்கத்தில் நிலைமை எப்படி இருந்தது? 1971இல் அவ்வட்டாரத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 176 ஓராண்டு நிறைவதற்குள் மாண்டன. அதே ஆண்டில் நாடு முழுமைக்குமான அளவு 129. மருத்துவர்கள் மக்களிடம் சென்று, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார்கள். மருந்து என்று எவரும் சொல்லவில்லை. தண்ணீரும் சோறும் என்றார்கள். பட்டம் பெற்ற மருத்துவர் இருவர் இந்த விடையைக் கேட்டு மனம் சலிக்காமல், சரி, அதிலிருந்தே தொடங்குவோம் என்றார்களே, அதுதான் அவர்தம் பெருமை. மருத்துவர் பலர்க்கும் (ஏன், ஆசிரியர் பலர்க்கும்) மக்கள் கேட்பதைக் கேட்கும் காது வாய்ப்பதில்லை.

1972-73ஆம் ஆண்டுகளில் மராட்டியத்தைக் கொடிய வறட்சி வாட்டியது. உதவி நிறுவனங்களின் துணையோடு ஆழ்துளைக் கிணறுகள் தோண்டும் வேலை நடந்தது. அப்போது ஆரோலே தம்பதியர் ஒரு காரியம் செய்தனர். நிலத்தடி நீர் பார்க்கும் வல்லுநரிடம் முன்கூட்டியே பேசி, நீர் கிடைக்கக்கூடிய இடங்களுள் தலித் மக்கள் குடியிருக்கும் பகுதியில் உள்ளவற்றையே குறித்துத் தருமாறு ஏற்பாடு செய்தனர். எந்தச் சொற்பொழிவும் நிகழ்த்தவில்லை. எந்த மறியலும் செய்யவில்லை. தண்ணீர் இங்கேதான் இருக்கிறது என்று வல்லுநர் கூறிவிட்டார். வறட்சியோ கழுத்தை நெரித்தது. நூற்றாண்டுக் கணக்கில் தம் கிணற்றண்டை நெருங்கவிடாதவர்கள், குடத்தை இடுப்பில் ஏந்தி நம்மவர் தெருவுக்கு வந்து, நம்மவர் அடித்த அதே கைப்பம்பை அடித்து நீர் கொண்டு சென்றனர்.

இச்செய்தியைப் படித்த நாளில் நாம் நெடுநேரம் சிரித்தோம். பின்னர் ஓர் ஐயமும் எழுந்தது. தந்திரத்தால் வந்த சமத்துவம் நிலைக்குமா? மகாடு போன்று நேர் நின்று பெறுவதல்லவா உரிமை? இன்றும் இதற்கு முடிந்த விடை நம்மிடம் இல்லை. ஆனால் அந்தப் பம்பின் நீரைப் பருகிய குழந்தைகள் பிழைத்தார்கள். மகாட்டின் வழியும் ஜாம்கேட்டின் வழியும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல என்று மட்டும் கூறுவோம். முதல் வழி திறந்திராவிட்டால் இரண்டாம் வழியை எண்ணிப்பார்க்கும் துணிவே எவர்க்கும் பிறந்திராது.

நீருக்குப்பின் மருத்துவம். முதலில் அவர்களும் அரசைப் போலவே பயிற்சி பெற்ற இளம் செவிலியரைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். அது பயன் தரவில்லை. வெளியூர்ப் பெண்கள், இரவில் தனித்துத் தங்க அஞ்சினர், பிள்ளை பெறாத இளம் பெண் பிள்ளைப்பேற்றைப் பற்றிக் கூறினால் மாமியார்கள் கேட்பார்களா? அப்போது கிராமத் தலைவர்களே, எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியைப் பழக்கினால் என்ன என்று கேட்டனர். அப்படிப் பிறந்ததே ஜாம்கேட்டின் கிராம நல ஊழியர் முறை. ஊராரே தேர்ந்து அனுப்பிய அப்பெண்கள் பெரும்பாலும் எழுத்தறியாதவர்கள். பலர் தலித் பெண்கள். கணவனால் கைவிடப்பட்டவர்களும் கைம்பெண்களும் அவர்களுள் இருந்தனர். தம் பெயரைப் பிறர் முன் உரக்கச் சொல்லக்கூட நாணியவர்கள்.

வாரந்தோறும் அவர்கள் ஜாம்கேடு வந்து தங்கிப் பயின்றார்கள். எல்லாச் சாதியினரும் ஒரே கூடத்தில் உண்டனர். ஒரே கூடத்தில் உறங்கினர். தொடக்கத்தில் சிலர் மறுத்ததும் உண்டு. பாடம் கதையாகவும் பாட்டாகவும் நடந்தது. அன்று கற்றதை ஒவ்வொருவரும் தம் சொற்களில் திரும்பச் சொல்ல வேண்டும். (ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் ஈராண்டு தங்கி நாம் கற்ற கற்பித்தல் முறையினும் இது மேலானது என்று ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை.) ஊருக்குத் திரும்பிச் சென்று கருவுற்ற பெண்ணைச் சோதிப்பது, பேறு பார்ப்பது, குழந்தையை நிறுத்துப் பார்ப்பது, வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரை நீர் கலக்கக் கற்பிப்பது, தோலில் உணர்வற்ற படை கண்டால் தொழுநோய் என்று ஐயுற்று அனுப்பி வைப்பது எல்லாம் அவர்கள் கடமை. தீண்டத்தகாதவள் என்று ஒதுக்கப்பட்ட பெண்ணின் கையில்தான் மேல்சாதிப் பெண்ணின் பேற்று வலி அடங்கிற்று. முதலில் வாசலில் நிற்க வைத்தார்கள். குழந்தை குறுக்கே கிடந்த இரவில் உள்ளே அழைத்தார்கள்.

பயன் என்ன? 1971இல் 176 ஆக இருந்த குழந்தைச் சாவு, 1976இல் 52 ஆயிற்று. 1996இல் 26. புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. 1975இல் உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிட்ட நூலொன்றில் ஜாம்கேட்டின் வரலாறு இடம்பெற்றது. 1978இல் அல்மா ஆட்டா நகரில் உலக நாடுகள் கூடி, ஆரம்ப நலவாழ்வுப் பணியே அனைவர்க்கும் நலம் தரும் வழி என அறிவித்தபோது, இத்தகைய ஊர்களின் பட்டறிவே அதற்கு அடிப்படையாயிற்று. 1979இல் ஆரோலே தம்பதியர்க்கு மகசேசே விருது கிடைத்தது. 1988இல் அமெரிக்கத் தலைநகரில் கூடிய கருத்தரங்கு ஒன்றில் அந்தக் கிராம நல ஊழியருள் ஒருவர் பேசினார். மேலே தொங்கிய சரவிளக்கைச் சுட்டி, அது அழகானது, விலையுயர்ந்தது, எட்ட இயலாதது, மருத்துவர்கள் அதைப் போன்றவர்கள் என்றார். பின்னர் தம் கையிலிருந்த சிறு அகலைக் காட்டி, இதன் சுடரை இன்னோர் அகலுக்கு மாற்றலாம் என்ற கருத்தில் பேசினார். அவையோர் எழுந்து நின்று கைதட்டினர் என்பர்.

நம் நாட்டரசு இதைப் பார்த்துக் கற்காமலில்லை. 1977ஆம் ஆண்டு காந்தியடிகள் பிறந்த நாளன்று கிராம நல ஊழியர் திட்டத்தை நாடு முழுமைக்கும் தொடங்கியது. ஆனால் தேர்வானவர்களுள் பெரும்பாலோர் ஆண்கள்! ஆணிடம் எந்தத் தாய் தன் பேறுகால வேதனையைச் சொல்வாள்? அத்திட்டம் நாளடைவில் நலிந்தது. 2005இல் தேசிய ஊரக நலவாழ்வு இயக்கம் பிறந்தபோதுதான் 'ஆஷா' என்னும் பெயரில், ஆயிரம் பேருக்கு ஒருவர் வீதம், அவ்வூர்ப் பெண்களையே தேர்ந்தெடுத்தார்கள். இன்று அவர்கள் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர். 2022இல் உலக நலவாழ்வு நிறுவனம் அவர்களைப் பாராட்டி விருது தந்தது. ஆயினும் அவர்கள் இன்றும் ஊதியம் பெறும் அரசு ஊழியர் அல்லர், தொண்டர்களாகவே கருதப்படுகின்றனர் என்பது வேதனை. அகலுக்கும் எண்ணெய் வேண்டுமல்லவா?

தமிழகத்தின் நிலை வேறு. இங்கே கிராம சுகாதாரச் செவிலியர் அமைப்பு வலுவானது. 1980இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறாதவர்க்குச் சத்துணவு தந்தார்கள். 1982ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் அன்றைய முதல்வர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அவ்வாண்டு நாம் உண்ட சோற்றின் சுவை இன்னும் நாவில் நிற்கிறது. ஊர்ப் பிள்ளைகளுள் சிலர் வீட்டுக்கு ஓடிவிடுவார்கள். சிலர் நம்மோடு ஒரே வரிசையில் அமர்வார்கள். அமர்ந்தவர்களுள் ஒருவர் இன்றும் நம் நண்பர். 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி தமிழகத்தில் குழந்தைச் சாவு ஆயிரத்துக்கு 13. நாடு முழுமைக்கும் 28. இது பெருமைக்குரியதே.

ஆனால் சராசரி என்னும் சொல்லைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. 2015-16ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் பட்டியல் சாதியினரிடையே குழந்தைச் சாவு ஆயிரத்துக்கு 45 ஆகவும், பட்டியலிலும் பிற்பட்டோரிலும் சேராத ஏனையோரிடையே 32 ஆகவும் இருந்தது. அந்தப் பதின்மூன்று குழந்தைகளின் வேறுபாடுதான் நம் புளியமரத்துக்கு அப்பால் உள்ள தொலைவு. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நிகழ்ந்ததை எவரும் மறந்திருக்க மாட்டீர். பிள்ளைகள் அடுத்தடுத்து நோயுற, குடிநீரைப் பாருங்கள் என்று மருத்துவர் கூறிய பின்னரே, நம் மக்கள் குடியிருப்பின் நீர்த்தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிய வந்தது. மகாட்டுக் குளத்துக்கும் அந்தத் தொட்டிக்கும் இடையே 95 ஆண்டுகள்.

இங்கே நம் கழகத்தாரிடம் ஒன்று கேட்க விரும்புகிறோம். இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் இரவுப் பாடசாலையில் பயின்று பட்டம் பெற்றவர், அரசுப் பணிக்குச் சென்றவர் ஆகியோரின் பட்டியல் இம்மலரில் வேறிடத்தில் வெளியாகிறது. மகிழ்ச்சி. அப்பட்டியலில் செவிலியர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தோம். நான்கு பேர். பொறியாளராகத் தேர்ந்து வேலைக்குக் காத்திருக்கும் தம்பிமார் பலர். தவறில்லை. ஆயினும் பெண் பிள்ளைகளைச் செவிலியர் படிப்புக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் நம்மிடையே இருக்கிறார்கள். இரவுப் பணி, பிறர் உடம்பைத் தொடும் பணி, திருமணத்துக்குத் தடை என்கிறார்கள். பிறர் உடம்பைத் தொடும் பணி என்று நம்மவரே முகம் சுளிப்பதைக் கேட்கும்போது நமக்குச் சொல்லொணா வியப்பு உண்டாகிறது. கழகம் ஆண்டுதோறும் தரும் உதவித்தொகையுள் இரண்டையேனும் இப்படிப்புக்கென ஒதுக்குமாறு வேண்டுகிறோம்.

நாம் கூறிய புளியமரம் இப்போது இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது வெட்டிவிட்டார்கள். அவ்விடத்துக்குச் சற்றுத் தள்ளி, நம் தெருவின் முகப்பிலேயே அங்கன்வாடி இருக்கிறது. புதன்கிழமைதோறும் அங்கே குழந்தைகளுக்குத் தடுப்பூசி. ஊசி போடும் கிராம சுகாதாரச் செவிலியர் நம் தெருப் பெண். நம் இரவுப் பாடசாலையில் அரிக்கன் விளக்கொளியில் படித்தவர். மேலே கூறிய நால்வருள் ஒருவர். சென்ற மாதம் விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது நாம் அங்கே சிறிது நேரம் நின்றோம். ஊர்த் தெருத் தாய்மார் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நம் தெருப் பெண்களோடு வரிசையில் நின்றார்கள். ஒருவர் குழந்தையை நீட்ட, "எடை குறைஞ்சிருக்கே, என்ன கொடுக்கறீங்க?" என்று அவர் அதட்டியதும், அத்தாய் பள்ளிப் பிள்ளை போல விடை கூறியதும் கண்ணாரக் கண்டோம். வெயில் கடுமையாக இருந்தது. செவிலியரின் வீடு எதிரிலேயே இருந்ததால் அவர் தாயார் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் நீட்டினார். ஊர்த் தெருவிலிருந்து வந்திருந்தவர்கள் ஒன்பது பேர். அவர்களுள் இருவர் வாங்கிக் குடித்தனர்.